மனதுக்குப் பிடித்த இடம் எது?

சுப்பராயலு பொய் சொல்லும் மனிதர் இல்லை. ஆதார் அட்டையில் யாரோ அவர் வயதில் இரண்டைக் குறைத்துப் போட்டுவிட்டபோது, மூன்று பஸ் மாறிப் போய், "நான் அவ்வளோ சின்னப் புள்ள இல்லீங்க" என்று சண்டை போட்டுத் திருத்தி வாங்கிக்கொண்டு வந்தவர். அவரிடம் எதைக் கேட்டாலும் உள்ளது உள்ளபடி வரும். ஒரே ஒரு கேள்விக்குத்தான் வராது. "எங்கே பிடிச்சே?" என்கிற கேள்விக்கு.

பழவேற்காட்டு ஏரியில் நொச்சிமேடு குப்பத்துக்காரர்கள் யாருமே இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. மற்றவர்கள் மழுப்புவார்கள், சுப்பராயலு மட்டும் திசை, ஆழம், அங்கே தண்ணீரின் நிறம் எல்லாம் சேர்த்துச் சொல்வார். நம்பிப் போனவர்கள் பலர். ஒருமுறை அவர் பூநாரைத் திட்டைக் கைகாட்ட, குப்பத்துப் படகு ஐந்தும் ஆந்திரப் பக்கத்துப் படகு மூன்றும் போய்ச் சேர்ந்தன. அங்கே மீன் இல்லாத தினுசைப் பார்த்து வெறுத்துப்போன ஒரு கூழைக்கடா, முத்துராஜின் படகில் ஏறி உட்கார்ந்து கரைக்கு வந்து, இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தே போயிற்று. கண்ணால் பார்த்தவர்கள் நான்கு பேர். ஒருவர் இறந்துவிட்டார், மற்ற மூவருக்கும் ஞாபகமில்லை.

ஒரே ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் அவர் வாயிலிருந்து பாதி உண்மை வந்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் ஒரு முழுப் பொய் சொன்ன பிறகுதான் உடம்புச் சூடு இறங்கியது.

அப்பேர்ப்பட்ட சுப்பராயலுவின் படகு, திங்கட்கிழமை காலை, வீட்டுக்கு எதிரேயே நின்றுவிட்டது.

இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. போன வருஷம் குப்பத்துப் பன்னிரண்டு படகுக்கும் சங்கத்தின் மூலம் வந்த புது இன்ஜின் அது. மூடிமேல் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் திரை உண்டு. நூறு மணி நேரம் ஓடியதும் இன்ஜின் தானாக நின்று, ஆறு எண் கேட்கும். கம்பெனியின் உதவித் தளத்துக்குப் போய், போன் நம்பரும் பாஸ்வேர்டும் போட்டால் அந்த ஆறு எண் வரும். அதைத் திரையில் அழுத்தினால் இன்னும் நூறு மணி நேரம் ஓடும். யார் வீட்டு எருமையும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. ஆனாலும் இதுவரை கேட்டதைக் கொடுத்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

படகைக் கயிறு போட்டு இழுத்த ராஜவேலு, சுப்பராயலுவின் மச்சான், மனைவி ஜமுனாவின் தம்பி, பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"இன்னா மாமா, உன் இன்ஜினு எப்பவும் ஐஸ் பேக்டரி கிட்டதானே மக்கர் பண்ணும்? இப்ப வூட்டு வாசல்லயே படுத்துகினு கீது?"

"வயசாவுது இல்ல, நடக்க முடியல அதுக்கு."

"வியாழக்கெழமைக்குள்ள எழுந்துடுமா?"

இந்தக் கேள்வியில் அக்கறை இருந்த அளவுக்கு ஆசையும் இருந்தது. முகத்துவாரத்தில் ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில் இறால் வலை கட்ட, சுற்றுக் குப்பங்கள் எல்லாம் சேர்ந்து முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவனுக்குப் பாடு வந்தால் அன்று அந்தத் துறை முழுக்க அவனுடையது. அடுத்து வர நாற்பத்தொரு நாள் ஆகும். விடியும்போது பாடு உள்ளவன் தன் சொந்தப் படகோடு, சொந்த இன்ஜினோடு அங்கே நிற்க வேண்டும். இரவல் படகு செல்லாது, கட்டி இழுத்து வந்தாலும் செல்லாது. அந்த பைபர் படகைக் கழி போட்டுத் தள்ளிப்போய் முகத்துவாரத்து இழுப்பில் நிறுத்த, நான்கு ஆளும் ஒரு சாமியும் வேண்டும். நிற்கவில்லையென்றால் பாடு அடுத்தவனுக்குப் போய்விடும்.

வியாழக்கிழமைப் பாடு சுப்பராயலுவுடையது. அடுத்தவன் ராஜவேலு.

செவ்வாய்க்கிழமை காலை சுப்பராயலுவும் ஜமுனாவும் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபர்ஹத்தின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். ஃபர்ஹத்துக்கு நாற்பது வயதிருக்கும். ஊர்ப்பட்ட விண்ணப்பம் எல்லாம் அவள் கையால்தான் போகும். ரேஷன் கார்டில் ஒருவன் பெயர் தப்பாக விழுந்து அவன் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றிய நாளிலிருந்து, ஒரு பழைய பெரிய டிவியைச் சுவரில் மாட்டி, தான் தட்டுவது அத்தனையும் அதில் தெரியும்படி வைத்திருந்தாள். "படிச்சுப் பாத்துக்கோ, அப்புறம் என்னை வந்து கேக்காத" என்பது கடையின் சட்டம்.

கடையில் முத்துராஜோடு நொச்சிமேட்டுக்காரர்கள் ஐந்து பேர் ஏற்கெனவே நின்றார்கள்.

"உங்களுக்கும் அதே வியாதியா?" என்றார் சுப்பராயலு.

"எல்லாருக்கும்தான்ணா," என்றாள் ஃபர்ஹத். "உங்க கம்பெனிக்காரன் வெப்சைட்டைப் புதுசு பண்ணிட்டான். பழைய பாஸ்வேர்டு எதுவும் செல்லாதாம். எல்லாரும் புதுசா மாத்தணுமாம்."

"நான் எங்க மாத்தச் சொன்னேன்?"

"உங்களுக்கு இன்னும் சிறப்பா சேவை செய்யறதுக்காகவாம். இதோ போட்டிருக்கான் பாருங்க."

டிவியில் தலைப்பாகை கட்டிய ஒரு மீனவன் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அவன் கையில் இருந்த மீன் இந்த ஏரியிலும் கிடையாது, அடுத்த கடலிலும் கிடையாது.

ஃபர்ஹத் பாஸ்வேர்டை மாற்று என்பதை அழுத்தினாள். ஜமுனாவின் போனுக்கு ஒரு சுட்டி வந்தது. அதைத் திறந்தால் பழைய பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்தாள். "இந்தப் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, தயவுசெய்து மாற்றவும்" என்றது. மாற்று என்பதை அழுத்தினாள். போனுக்கு ஒரு சுட்டி வந்தது. அதைத் திறந்தால் பழைய பாஸ்வேர்டைக் கேட்டது. இப்படியே ஐந்து சுற்று. செக்குமாடாவது சாயங்காலம் வீட்டுக்குப் போகும்.

"ஓரமா ஒரு பொண்ணு கையாட்டிகினு நிக்குதே, அதைக் கேளு," என்றாள் ஜமுனா.

அது கம்பெனியின் உதவிப் பொம்மை. பெயர் கடல்தோழி. ஃபர்ஹத் நிலைமையைத் தட்டினாள். கடல்தோழி ஒரு நொடியில் பதில் போட்டது: "உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி! பாஸ்வேர்டை மாற்ற, முதலில் உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழையவும்."

"இதைப் பெத்தவன் யாரு?" என்றார் சுப்பராயலு.

போன் போட்டுப் பார்த்தார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் நாற்பது நிமிஷம் சொன்னது. அதற்குள் கடைக்கு எதிரே ஒரு பூனை குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்து, அதில் இரண்டு குட்டிகள் தாயைப் போலவே மீன் திருடப் போய்விட்டன. நாற்பத்தோராவது நிமிஷம் ஒரு மனிதக் குரல் வந்தது. "சார், அதுக்கு நீங்க வெப்சைட்ல போய்ப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தது.

"ஒரே ஒரு வழிதாண்ணா இருக்கு. நேத்து ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு," என்றாள் ஃபர்ஹத். "மறந்துட்டேன்னு போட்டா, ரகசியக் கேள்வி கேக்கும். போன வருஷம் நீங்க சொன்ன பதிலையே இப்பவும் சொல்லணும். மூணு வாய்ப்பு. மூணும் தப்பானா ஏழு நாளைக்குப் பூட்டிடுவான்."

"ஏழு நாளா? நாளைக்கு விட்டு மறுநாள் பாடும்மா எனக்கு!"

"அதான் யோசிச்சுச் சொல்லுங்கன்றேன்."

அழுத்தினாள். டிவியில் கேள்வி வந்தது: *உங்கள் மனதுக்குப் பிடித்த இடம் எது?*

சுப்பராயலுவின் முகம், வலையை இழுக்கும்போது அடியில் பாறை மாட்டியவன் முகம் மாதிரி ஆனது.

போன வருஷம் கோயமுத்தூர் பக்கத்திலிருந்து ஹரிஷ் என்று ஒரு கம்பெனிப் பையன் வந்து, மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டு பேரிடமும் இதே கேள்வியைக் கேட்டு எழுதிக்கொண்டு போனான். முத்துராஜ் திருப்பதி என்றான். இன்னொருவன் மாமியார் வீடு என்றான், பக்கத்தில் பெண்டாட்டி நின்றதால். சுப்பராயலு இந்த ஏரியைத் தவிர வேறு எங்கேயும் மனதைத் தொலைத்ததில்லை. ஆகவே ஏரியில் ஒரு இடத்தைத்தான் சொல்லியிருப்பார். அது அவருக்கு நிச்சயம். எந்த இடத்தைச் சொன்னார் என்பதுதான் சிக்கல். அவர் சொல்லி வைத்திருக்கும் இடங்கள் முப்பத்தாறு.

"சொல்லுய்யா," என்றாள் ஜமுனா.

"பூநாரைத் திட்டு," என்றார். அவர் அதிகம் சொன்ன பொய் அது.

*தவறு. இன்னும் இரண்டு வாய்ப்புகள்.*

அன்று வீட்டுக்கு வந்து இரவுச் சோறு வரைக்கும் விரல் விட்டுக்கொண்டிருந்தார். தான் சொன்ன பொய்களை வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு இடத்தை நினைவு வைத்தால் போதும். அவர் நிலைமை அப்படியில்லை. ஒவ்வொரு பொய்யையும் யாரிடம், எந்தப் பருவத்தில், எந்தக் காற்றில் சொன்னோம் என்று தேட வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலை வெட்கத்தை விட்டு ராஜவேலுவைத் தேடிப் போனார். பொய் சொன்னவன் மறந்தாலும், அதை நம்பிப் போய் வலையைக் கிழித்துக்கொண்டவன் மறக்க மாட்டான்.

"மச்சான், அந்த ஹரிஷ் பையன் வந்த அன்னிக்கு சாயங்காலம் நீ என்னாண்ட, எங்க புடிச்சேன்னு கேட்டியே. நான் இன்னா சொன்னேன்?"

ராஜவேலு வலையைக் கீழே வைத்தான். "கழுகுமேடுன்னு சொன்னே. மறுநாள் நான் போனேன். ஆளிச் சிப்பி ஓட்டுல வலை பதினோரு எடத்துல கிழிஞ்சுது. ஒட்டுப் போட்டது இதோ கீது பாரு, எண்ணிக்கோ."

"சத்தியமா?"

"மாமா, உனக்கு இது கை கூடலன்னா பாடு எனக்கு வருது. நான் பொய் சொல்லணும்னா பூநாரைத் திட்டுன்னு சொல்லியிருப்பேன். இது அக்காவுக்காவ சொல்றேன்."

அவனும் கூடவே கடைக்கு வந்தான். அங்கே முத்துராஜும் மற்றவர்களும் இன்னும் எண் கிடைக்காமல் வரிசையில் நின்றார்கள். அக்காவுக்காகவா, பாடு தனக்கு வருகிறதா என்று பார்க்கவா என்று அவனே முடிவு செய்திருக்கவில்லை.

*கழுகுமேடு* என்று டிவியில் விழுந்தது. வட்டம் சுற்றியது.

*தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு. ஐந்து நிமிடங்களுக்குள் பதில் அளிக்கவும். இப்பக்கத்தை மூடினால் கணக்கு ஏழு நாட்களுக்கு முடக்கப்படும்.*

கீழே எண்கள் குறைய ஆரம்பித்தன.

"டேய்!" என்று சுப்பராயலு மச்சான் பக்கம் திரும்பினார்.

"நீ எனக்குச் சொன்னதை நான் சொன்னேன். நீ அவனுக்கு வேற பொய் சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணுவேன்? ஒரே பொய்யை எல்லாருக்கும் சொல்லணும் மாமா. ஒரு ஒழுங்கு வாணாம்?"

"ஆமாண்ணா," என்றான் முத்துராஜ். "உன்னால மெஷினே கொழம்பிப் போயிருக்கும்."

"சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க, நாலு நிமிஷம்தான் இருக்கு!" என்று ஃபர்ஹத் மேஜையைத் தட்டினாள்.

அதுவரை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜமுனா எழுந்து வந்தாள். நாற்பது வருஷமாக இந்த மனிதரின் வலையைப் பிரித்து மீன் எடுத்தவள்.

"அந்தப் பையனாண்ட வலை இருந்துச்சா?"

"எந்தப் பையன்?"

"ஹரிஷு."

"அவனாண்ட ஏது வலை? பேன்ட் பாக்கெட்ல பேனாதான் இருந்துச்சு."

"படகு?"

"தண்ணியக் கண்டாலே வாந்தி எடுத்தான்."

"அப்ப அவன்கிட்ட நீ இன்னாத்துக்குய்யா பொய் சொல்லப் போறே? வலை இல்லாதவன் மேல நீ எந்தக் காலத்துல பொய்யை வேஸ்ட் பண்ணியிருக்கே?"

சுப்பராயலுவுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவு வந்தது. மணல். நாற்காலி. வெயிலில் முகம் சிவந்த அந்தப் பையன், "ஐயா, உங்க மனசுக்குப் பிடிச்ச இடம் எதுங்க?" என்று மரியாதையாகக் கேட்டது. ஆயுசில் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் "எங்கே பிடிச்சே" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவர் குனிந்து அவன் காதில் உண்மையைச் சொல்லியிருந்தார். அன்று ராத்திரி லேசாகக் காய்ச்சல்கூட அடித்தது. ஜமுனா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

நிம்மதி ஒரு மூச்சுதான் இருந்தது. அடுத்த மூச்சில் அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஏழு பேர். ஏழு பேருக்கும் வலை உண்டு.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்கப்பா," என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

"வரிசைல நிக்கிறோம்ணா," என்றான் முத்துராஜ். "போனா எடம் போயிடும்."

"தங்கச்சி, நான் காதுல சொல்றேன். அந்த டிவிய நிறுத்து."

"நிறுத்தினா நடுவுல பக்கம் மூடிக்கும்ணா. போன வாரம் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. மூணு நிமிஷம்."

"அப்ப துணி போட்டு மூடு."

"என் முந்தானையைத்தான் போடணும். சொல்லுங்கண்ணா!"

பதினெட்டு வருஷமாகக் காத்த இடம் அது. மகன் கேட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை, அதுவும் தலை தீபாவளியன்று கேட்டும், பூநாரைத் திட்டுக்குத்தான் அனுப்பினார். இப்போது எதிரே எண்கள் குறைந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் நாற்பத்தொரு நாளைக்கு ஒருமுறை வரும் முகத்துவாரம். இந்தப் பக்கம் ஏழு ஜோடிக் காது. இரண்டு நிமிஷம். ஒன்றரை. ராஜவேலு இன்னும் ஓர் அடி கிட்டே வந்தான்.

"ஐஸ் பேக்டரி வாய்க்கால்," என்றார் சுப்பராயலு.

"என்னது?"

"ஐஸ் பேக்டரி வாய்க்கால்! மார்க்கெட்டுக்குப் பின்னால, அழுக்குத் தண்ணி வந்து ஏரியில வுழுதே, அங்க! தட்டும்மா!"

ஃபர்ஹத் தட்டினாள். டிவியில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு விழுந்தது. கடை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த வாய்க்காலே தெரியும். மீன் கழிவும் ஐஸ் தண்ணீரும் கலந்து விழுகிற, மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தாண்டிப் போகிற இடம். அங்கே சேற்றுக்கடியில் ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டு அகலத்துக்குக் களிநண்டு கிடந்தது. சுப்பராயலு பதினெட்டு வருஷமாக அங்கே இன்ஜினைத் திறந்துபோட்டு, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் போகிறவர்களின் அனுதாபத்தை வாங்கியபடி நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

வட்டம் சுற்றியது.

*சரியான பதில். நன்றி, சுப்பராயலு!*

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போயிற்று. நாளை விடிந்தால் அந்த வாய்க்காலில் மற்ற பதினோரு படகும் நிற்கும்.

முதலில் சிரித்தது ராஜவேலு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்தான்.

"மெஷினுக்கே பொய் சொல்லி வெச்சிருக்கான்யா எங்க மாமா!"

கடை அதிர்ந்தது. "வாய்க்காலாம்! காக்கா கூட மூக்க மூடிகினு பறக்கும் அங்க!" என்றான் முத்துராஜ். "அந்தப் பையன் கோயமுத்தூர்ல ஒக்காந்து இதை நம்பிகினு இருப்பான் பாவம்!"

சுப்பராயலு கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒன்றில்கூட நம்பிக்கை இல்லை.

அதற்குப் பிறகும் அந்தத் தளம் சும்மா விடவில்லை. புதுப் பாஸ்வேர்டு கேட்டது. எட்டெழுத்துக்குக் குறையக்கூடாது, எண் வேண்டும், குறி வேண்டும். படகு நம்பரைப் போட்டால், முன்பு பயன்படுத்தியது என்றது. ஜமுனாவின் பெயரைப் போட்டால், எளிதில் ஊகிக்கக்கூடியது என்றது.

"என்னையா?" என்றாள் ஜமுனா. "நாப்பது வருசமா இந்த ஆளால முடியல."

"பூநாரைத் திட்டுன்னு போடு, கூட நாப்பத்தொண்ணு, ஒரு நட்சத்திரம்," என்றார் சுப்பராயலு அலுத்துப்போய்.

*மிகவும் வலுவானது* என்று பச்சையில் வந்தது. வாய் திறந்து சொன்ன அந்தப் பொய்யை மட்டும், யாரும் பார்த்துவிடக்கூடாது என்று டிவி கறுப்புப் புள்ளிகளால் பத்திரமாக மறைத்துக் காட்டியது. உண்மையை உள்ளங்கை அகலத்துக்குப் போட்ட அதே டிவி.

ஆறு எண்ணும் வந்தது. ஃபர்ஹத் அதை அவர் இடது கையில் பேனாவால் எழுதிவிட்டாள். இன்ஜினில் அழுத்தும் வரை அவர் அந்தக் கையால் சோறுகூடத் தொடவில்லை. அவர் வலது கைக்காரர் என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை விடியலில் சுப்பராயலு முகத்துவாரத்தில் தன் படகோடு, தன் இன்ஜினோடு நின்றார். முறைப்படி சரிபார்க்க வந்த ராஜவேலு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுது, ஓடுது" என்று முனகிக்கொண்டு போனான். அன்று இறால் வந்த வரத்தில் படகு விளிம்பு வரை தாழ்ந்து, ஜமுனா ஒரு வாளி இறாலை எழுப்பி நிற்கவைத்து இடம் பண்ண வேண்டியிருந்தது.

திரும்பும்போது அவர் வேண்டுமென்றே ஐஸ் பேக்டரி பக்கமாகப் படகைத் திருப்பினார். வாய்க்கால் காலியாகக் கிடந்தது. ஒரு படகு இல்லை, ஒரு வலை இல்லை. தூரத்தில் இரண்டு படகுகள் பூநாரைத் திட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

"பாரு, ஒருத்தனும் வரல," என்றாள் ஜமுனா. "உன் எடம் உனக்கே. போதுமா?"

அவர் இன்ஜினை அணைத்தார். பழக்கத்தில் கை ஸ்பேனரைத் தேடியது. பிறகு அதைத் தூக்கிப் படகின் அடியில் போட்டார்.

"இன்னாய்யா, மூஞ்சி இப்பிடி கீது?"

"அத்தினி பேர் இருந்தாங்க," என்றார் சுப்பராயலு. "அம்மாம் பெரிய டிவியில போட்டுச்சு. கம்பெனிக்காரன் மெஷினே சரின்னு சொல்லுச்சு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், இந்த ஆளு உண்மை சொல்றானோன்னு யோசிச்சானா பாத்தியா?"

கரையில் ராஜவேலு நின்றிருந்தான். கூடையின் ஓரத்தில் வழியில் எடுத்த களிநண்டு நான்கு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டான்.

"அடேங்கப்பா! இது எங்க புடிச்சே மாமா?"

சுப்பராயலு அவன் கண்ணை நேராகப் பார்த்தார்.

"ஐஸ் பேக்டரி வாய்க்கால்ல."

"போ மாமா, நீ வேற," என்றான் ராஜவேலு. "சொல்ல இஷ்டமில்லன்னா சொல்ல இஷ்டமில்லன்னு சொல்லு."